இருபத்திரண்டு சதவீத ரத்தினவேலு

தன்பங்குமானி வந்து சேரும்வரை திண்டுக்கல்லில் பொறாமை ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வாடகை வீட்டுக்காரர் சொந்த வீட்டுக்காரரைப் பார்த்து வயிறெரிவார். சொந்த வீட்டுக்காரர் மாடி கட்டியவரைப் பார்த்து வயிறெரிவார். மாடி கட்டியவருக்கு லிஃப்ட் வைத்தவர் இருந்தார். கீழேயிருந்து மேலே, வரிசையாக, தள்ளுமுள்ளு இல்லாமல்.

மானி வந்ததும் அது தலைகீழாகத் திரும்பிவிட்டது. பூட்டுத் தொழிற்சாலை முதலாளி ஒருவர் தன் வாட்ச்மேனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி காரிலேயே உட்கார்ந்திருப்பார். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டால் கோபம் வந்துவிடும். "நான் திறந்துக்கிறேன் விடுய்யா, அதையும் நீயே எடுத்துக்காதே" என்பார்.

அந்த இயந்திரம் பார்ப்பதற்குச் சவரக்கடை நாற்காலி மாதிரி இருக்கும். உட்கார்ந்ததும் தலைமேல் ஒரு கிண்ணம் இறங்கும். பல் விளக்குகிற நேரத்துக்குள் ஓர் எண் வரும். வாழ்க்கையில் நீங்கள் அடைந்ததில் எத்தனை சதவீதம் நீங்களாக அடைந்தது என்பதுதான் அந்த எண். அதற்குத் தன்பங்கு என்று பெயர். மீதியெல்லாம் சாதி, நிறம், அப்பாவின் வசதி, ஆணாகப் பிறந்தது என்று பின்னாலிருந்து யார் யாரோ தள்ளிவிட்டது. அதையும் இயந்திரம் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும்.

ஊர் உண்டு இல்லை என்றாகிவிட்டது. நகைக்கடைக்காரர் ஒருவர் தன்பங்கை ஏற்றுவதற்காக, தன்னைத் தினம் காலையிலும் மாலையிலும் திட்டச் சொல்லிக் கடைப்பையன் வேலையில் இருந்த ஐம்பது வயது ஆளை ஏற்பாடு செய்தார். மறுபடி அளந்தபோது முதலாளிக்கு ஒன்றும் ஏறவில்லை. திட்டியவருக்கு ஏறியிருந்தது. முதலாளியின் முகத்தைப் பார்த்து அப்படிப் பேசுவதற்கு அவர் எத்தனை தடவை எச்சில் விழுங்கினாரோ, அதெல்லாம் கணக்கில் வந்துவிட்டது. கானா நாட்டிலிருந்து படிக்க வந்த குவாமே என்கிற மாணவனுக்கு, ஊரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த வகையில் மட்டுமே ஏகப்பட்டது ஏறியிருந்தது. சேதி தெரிந்ததும், அவன் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திய வீட்டுக்காரர்களே, எங்களால்தான் ஏறியது என்று உரிமை கொண்டாடினார்கள்.

இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பேராசிரியர் ரத்தினவேலு.

அவர் ரங்கமலைக் கல்லூரியில் சமூகவியல் ஆசிரியர். இனம், வர்க்கம், பாலினம், அடையாளம் என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான்கு அலகுகள். நான்கையும் புத்தகத்தைத் திறக்காமலே நடத்துவார். கரும்பலகையின் நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் பிறப்பால் வந்த தகுதி, அந்தப் பக்கம் உழைப்பால் வந்த தகுதி என்று எழுதுவார். அந்தக் கோட்டில் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அவர் மனைவி பஞ்சவர்ணமும் அதே துறையில்தான் ஆசிரியர். இருவரும் ஒரே நாளில் நேர்முகத்துக்குப் போய் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். துறைத்தலைவர் அருளானந்தம் ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலி யாருக்கு என்பதில் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: பணி மூப்பு சமமாக இருந்தால் தன்பங்கு கூடுதலாக உள்ளவருக்கு. இப்போது ஒருமுறை அளப்பது, டிசம்பரில் இன்னொரு முறை அளந்து முடிவு செய்வது.

"பாவம் வர்ணம், மனசைத் தளர விட்றாதே" என்று மனைவியைத் தேற்றிவிட்டுத்தான் ரத்தினவேலு அளக்கப் போனார்.

அளவை மையத்தை நடத்தியவர் டாக்டர் மெஹருன்னிசா. அந்த இயந்திரத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். சிரிக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

"எழுபதுக்குக் குறையாது டாக்டர்" என்று உட்காரும்போதே சொன்னார் ரத்தினவேலு. "சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனவன் நான்."

"அசையாம உக்காருங்க சார்."

கிண்ணம் இறங்கியது. எண் வந்தது.

"இருபத்திரண்டு" என்றார் டாக்டர்.

"இன்னும் ஓடுதா?"

"நின்னுருச்சு சார்."

"ஃபேன் காத்துல ஏதும் முன்னப்பின்ன…"

"இது எடை மிஷின் இல்லை சார். நீங்க பள்ளிக்கூடத்துக்கு நடந்தது ஒரே ஒரு நாள். உங்கப்பா பஸ் கம்பெனி வச்சிருந்திருக்கார். உங்க வீட்டு வாசல்லயே நிக்கிற பஸ், அன்னிக்கு ரிப்பேர். அப்பவும் பின்னாடி ஒரு ஆள் குடை பிடிச்சுட்டு வந்திருக்காரே!"

"மழை பேஞ்சது" என்றார் ரத்தினவேலு.

"கதவு தானாத் திறந்தா உடம்பு அதைக் கவனிக்காது சார். நாமளே தள்ளித் திறந்தா நரம்புல ஒரு தழும்பு விழும். முட்டி மோதித் திறந்தா பெரிய தழும்பு. மிஷின் அதைத்தான் எண்ணுது. பழசு மெல்ல மங்கும், புதுசு பளிச்சுன்னு தெரியும்."

"எனக்குத் தழும்பா இல்லை? குடல்வால் ஆபரேஷனே பண்ணியிருக்கேன்."

"அதுக்கும் உங்கப்பா தனி ரூம் போட்டிருக்கார். இந்தா, தெரியுதே."

அடுத்துப் பஞ்சவர்ணம் உட்கார்ந்தார். எண்பத்தொன்று வந்தது.

ரத்தினவேலு எட்டிப் பார்த்தார். பஞ்சவர்ணத்தின் அப்பா தோல் ஆலையில் தோல் அலசியவர். பள்ளிக்கூடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்த பிள்ளைகள், கறுப்பாக இருக்கிறாள் என்று நாட்டியத்தில் பின்வரிசைக்குத் தள்ளிய டீச்சர், சாதி தெரிந்ததும் நிரம்பிவிட்ட விடுதி அறை என்று திரையில் கதவு கதவாக வந்துகொண்டிருந்தது. கல்லூரி நேர்முகத்துக்கு உள்ளே நுழைந்தபோது, "டீயை அப்படி வச்சிட்டுப் போம்மா" என்று நேர்முகக் குழுத் தலைவர் சொன்னதும் இருந்தது. அதே தலைவர்தான் பத்து நிமிடம் முன்னால் ரத்தினவேலுவிடம் அப்பாவின் சர்க்கரை வியாதி பற்றி அக்கறையாக விசாரித்திருந்தார்.

"எல்லாம் சரி டாக்டர்" என்றார் ரத்தினவேலு, தொண்டையைச் செருமிக்கொண்டு. "சாதியெல்லாம் பாக்காம இவங்களைக் கட்டிக்கிட்டு, எம்.ஏ. முடிக்க வச்சு, ஆளாக்குனது நான்தான். அது எங்க வருது?"

டாக்டர் தேடினார். "உங்க பேர்ல பெரிய வரியே இருக்கு சார். இவங்க எண்பத்தொண்ணு வாங்குனதுல உங்களுக்கும் பங்கு இருக்கு. நீங்க இல்லாட்டி எழுபதுலயே நின்னுருப்பாங்க."

"அப்படிச் சொல்லுங்க!" என்று எழுந்தார் ரத்தினவேலு. மாடிப்படியில் பாதி இறங்கியபிறகுதான் அவருக்கு அது புரிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார்.

"தலை சுத்துதாங்க?" என்று கேட்டார் பஞ்சவர்ணம்.

"நீ போ. நான் வர்றேன்."

மறுநாள் ஆசிரியர் அறையில் ஆங்கிலத்துறை ஜெபராஜ் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்கண்ணே. பாஸாக முப்பத்தஞ்சு வேணுமாமே? சப்ளிமெண்டரி எழுதிப் பாப்பமா?"

"பேச்சைக் குறைடா."

"நான் எங்கண்ணே பேசுறேன், ஊரே பேசுது. மதினி எண்பத்தொண்ணாமே? வீட்ல ஒரே தட்டுலதான் சாப்பிடுறீங்களா, இல்லை உங்களுக்கு ஓரமா இலை போட்டுருச்சா?"

வகுப்பில் முதல் பெஞ்சுப் பெண்ணொருத்தி பணிவாக எழுந்து நின்றாள். "சார், பிறப்பால் வந்த தகுதிக்கு உதாரணம் எழுதச் சொன்னீங்களே, உங்க பேரைப் போடலாமா சார்?"

இரவும் பகலும் அந்த எண் அவரைக் குடைந்தது. தன்னில் இருபத்திரண்டு சதவீதம்தான் ரத்தினவேலு என்றால், மீதி எழுபத்தெட்டு யார்? காலையில் கண்ணாடி முன்னால் நின்று, மீசை தன்னுடையதா அப்பாவுடையதா என்று பார்த்தார். அதைவிடப் பெரிய குடைச்சல், பக்கத்தில் ஒருத்தி எண்பத்தொரு சதவீதம் முழுசாக நடமாடுவது. ஒரே சம்பளம், ஒரே வீடு, ஒரே சாம்பார். அவள் மட்டும் எப்படி இம்புட்டுச் சேர்த்தாள்?

யோசிக்க யோசிக்க அவருக்கு ஒன்று பிடிபட்டது. தோல் ஆலையும் விடுதியும் பழைய தழும்புகள், மங்கிப்போனவை. புதுத் தழும்புதான் பளிச்சென்று தெரியும் என்று டாக்டரே சொன்னார். அப்படியானால் பஞ்சவர்ணத்துக்கு இப்போதும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. எங்கிருந்து?

அடுப்படியில் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. அது மாவு அரைபடும் சத்தமாக அவருக்குக் கேட்கவில்லை. எண் ஏறுகிற சத்தமாகக் கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"தள்ளு."

"என்னங்க?"

"மாவை நான் ஆட்டுறேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? இத்தனை வருசமா நீ மட்டும் கமுக்கமா ஆட்டிக்கிட்டு இருக்கே. இதுல இம்புட்டு இருக்குண்டு ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னேனே. கல்யாணமான புதுசுலருந்து சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்."

"அதைப் புலம்பல்னுல்ல நினைச்சேன்! நம்பர்னு நீ சொல்லலையே!"

பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றார். "உளுந்து தனியா, அரிசி தனியா" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து ரத்தினவேலு அந்த வீட்டு வேலைகளைச் சொத்துத் தகராறில் இடம் பிடிப்பவர் போலப் பிடித்தார். துடைப்பத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி அரைஞாணில். துணி துவைப்பது, காயப்போடுவது, மடிப்பது மூன்றும் அவரே. கல்லூரிக்குக் கார் எடுக்காமல் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்தார். ஒருநாள் பஞ்சவர்ணம் தன் காப்பி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தார்.

"கையை எடு! நான் இல்லாத நேரமாப் பாத்து ஏத்துறியா?"

"ஒரே ஒரு டம்ளருங்க."

"ஒரு டம்ளர், ரெண்டு டம்ளருண்டுதான் எண்பத்தொண்ணு ஆச்சு."

கடைசியில் மிச்சமிருந்தது அவருடைய அப்பா. பெரியவர் படுக்கையில் விழுந்து வருடக்கணக்காகிறது. ஒரு காலத்தில் இந்த மருமகள் கையால் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று பஸ்ஸை நிறுத்தி ஊரைக் கூட்டியவர், இப்போது அவள் கை காப்பியைத் தவிர வேறெதையும் துப்பிவிடுவார். ரத்தினவேலு காப்பியோடு போனார்.

"நீ எதுக்குடா வர்றே?" என்றார் பெரியவர். "அவளை வரச்சொல்லு."

"இனிமே நான்தாம்ப்பா."

"ஏன், செத்துட்டாளா?"

"இல்லப்பா. படிச்சிக்கிட்டு இருக்கா."

"நீ படிச்ச ஆம்பள. நீ எதுக்குடா பெட்பேனைத் தூக்குறே? அசிங்கமா இல்ல? நான் மூணு பஸ் ஓட்டுனவன்டா!"

"டிரைவர்தானப்பா ஓட்டுனாரு" என்று சொன்னார் ரத்தினவேலு. அதைச் சொல்லி முடித்ததும், இயந்திரத்தோடு சேர்ந்து தானும் கெட்டுப்போய்விட்டோமோ என்று ஒரு கணம் பயந்தார்.

பஞ்சவர்ணத்துக்கு முதலில் கை சும்மா இருக்கப் பழகவில்லை. பழகியபிறகு நன்றாகவே பழகிவிட்டது. மதியம் தூங்கினார். பாதியில் விட்டிருந்த ஆராய்ச்சிக் கட்டுரையைத் தூசி தட்டி எடுத்து முடித்தார். கன்னத்தில் சதை பிடித்தது. ஒருநாள் வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தபடி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தவரைப் பாத்திரம் தேய்த்தபடி பார்த்தார் ரத்தினவேலு. தேய்த்துக்கொண்டிருந்த சட்டி அழுக்கெல்லாம் போய் இன்னும் தேய்ந்தது. அவ்வளவு வயிற்றெரிச்சல்.

ஒரு நாள் மொட்டைமாடியில் மனைவியின் சேலைகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து மாடியிலிருந்து சௌந்தரம் அக்கா பார்த்துவிட்டார்.

"தம்பி, நீங்களா? உங்களையெல்லாம் பெத்த வயித்துக்குக் கோயில் கட்டணும் தம்பி!"

அவ்வளவுதான். தெருப்பெண்கள் தங்கள் புருஷன்மார்களைக் கூட்டிவந்து, காம்பவுண்டுக்கு வெளியே நிறுத்தி, அடுப்படி ஜன்னல் வழியாக அவரைக் காட்டினார்கள். "பாத்துக்கங்க, அதுதான் ஆம்பளை." காய்கறிக் கடையில் கொத்தமல்லி சும்மா கிடைத்தது. உள்ளூர் தொலைக்காட்சியில் அவர் கத்தரிக்காய் நறுக்குவதைப் படம் பிடித்தார்கள். விரலில் வெட்டிக்கொண்டபோது அறிவிப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. நகர நற்பணி மன்றம் விழா எடுத்து, இல்லறச் செம்மல் என்று பட்டம் கொடுத்துச் சால்வை போர்த்தியது.

"பொம்பளை சமைச்சா உப்பு இல்லைங்கிறாய்ங்க" என்றார் பஞ்சவர்ணம், சால்வையை மடித்து வைத்தபடி. "ஆம்பளை உப்பே போடாட்டியும் சால்வை போடுறாய்ங்க."

"பொறாமைப்படாதே" என்றார் ரத்தினவேலு. அப்படிச் சொல்லக் கிடைத்ததில் அவருக்குப் பரம திருப்தி.

டிசம்பர் வந்தது. இந்தத் தடவை ஏறியிருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அறுபதா எழுபதா என்பதுதான் கேள்வி. உள்ளங்கைகளை டாக்டர் பார்வையில் படும்படி விரித்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். விம் பார் அரித்த தோல், எண்ணெய் தெறித்த புள்ளிகள், கத்தரிக்காய் வெட்டு.

"பத்தொம்பது" என்றார் டாக்டர் மெஹருன்னிசா.

"முன்னாடி ஒரு எண் விட்டுப்போச்சா?"

"இல்லை சார். மூணு குறைஞ்சிருக்கு."

ரத்தினவேலு நாற்காலியிலிருந்து கிண்ணத்தோடு எழப் பார்த்தார். "அநியாயமா இருக்கே! பாத்திரம் தேய்ச்சேன். பெட்பேன் எடுத்தேன். எண்பத்தொண்ணு வாங்குனவ எதையெல்லாம் செஞ்சாளோ அதையெல்லாந்தான நானும் செஞ்சேன்?"

"செஞ்சீங்க சார். ஏறவும் செஞ்சது. ஆனா நீங்க ஒரு சட்டி தேய்ச்சா நாலு பேர் கை தட்டியிருக்காங்க. ஒவ்வொரு கைதட்டும் தானாத் திறக்குற கதவுதான். தேய்ச்சதுல ஏறுனதைவிடத் தட்டுனதுல இறங்குனது ஜாஸ்தி. சால்வை போட்ட அன்னிக்கு மட்டும் பாருங்க, மடமடன்னு சரிஞ்சிருக்கு."

"அவளுக்கு யாரும் தட்டலையா?"

"யாரும் தட்டுனதே இல்லை சார். அதனாலதான் அங்க அப்படியே ஏறுச்சு."

பஞ்சவர்ணம் உட்கார்ந்தார். எழுபத்துநான்கு வந்தது.

"ஏழு கொறைஞ்சிருச்சு!" என்று ரத்தினவேலு கத்தியே விட்டார். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாற்காலி போனது போனதுதான். எழுபத்துநான்குக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே ஒரு ஊரே குடியிருக்கலாம். ஆனாலும் தனக்கு மூன்று இறங்கியபோது அவளுக்கு ஏழு இறங்கியிருக்கிறது என்பது அவருக்குக் கோடையில் நுங்கு சாப்பிட்டது போலிருந்தது.

பஞ்சவர்ணம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்து, "இன்னும் குறையுமா டாக்டர்?" என்று கேட்டார்.

"சுமை இறங்குனா குறையும்மா. இப்படியே போனா குறையும்."

பஞ்சவர்ணம் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல சேதி கேட்டவர்கள் மூடுகிற மாதிரி மூடினார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கொஞ்சதூரம் போனதும் பஞ்சவர்ணம் பேசினார்.

"முதல் தடவை உங்களுக்கு இருபத்திரண்டு வந்துச்சே. உங்களுக்கு அவமானமா இருந்துச்சு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"சிரிப்பா இருந்திருக்கும்."

"வயிறு எரிஞ்சது. அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கலை."

ரத்தினவேலு திரும்பிப் பார்த்தார். "எதுக்கு?"

"இன்டர்வியூ அன்னிக்கு உங்கட்ட மொதக் கேள்வி கேட்டாய்ங்கள்ல. நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியலை சார்னேன்."

"தெரியலைன்னு சொல்லிட்டுச் சிரிச்சீங்களாம். அவுங்களும் சிரிச்சாங்களாம். நீங்கதான் வீட்ல வந்து பெருமையாச் சொன்னீங்க. அந்தக் கேள்வி வந்த புத்தகத்துல எனக்குத் தெரியாத பக்கமே கிடையாதுங்க. அப்படிப் படிச்சிருந்தேன். எனக்கு ஒண்ணு தெரியலைன்னா, எனக்கு மட்டுமா தெரியலை? எங்க தெருவுக்கே தெரியலைம்பாய்ங்க. பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கும்பாய்ங்க." ஜன்னல் கம்பியில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டார். "நானும் ஒரு தடவை தெரியலைன்னு சொல்லிட்டு அந்த மாதிரிச் சிரிக்கணும். எண்பத்தொண்ணை வச்சுக்கிட்டு என்னங்க பண்றது? எனக்கு அந்த இருபத்திரண்டு வேணும்."

ரத்தினவேலு நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை காலமும் தான் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தவள், தன்னைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்திருக்கிறாள். நெஞ்சு ஒரு சுற்று விரிந்தது. கண்டக்டர் சில்லறை கேட்டபோது, ஒரு பொறாமைப்படத் தக்க மனிதர் எப்படிக் கொடுப்பாரோ அப்படிக் கொடுத்தார்.

வீட்டுப் பக்கத்து நிறுத்தம் வருவதற்குள் அந்தச் சந்தோஷம் கெட்டுவிட்டது. துறைத்தலைவர் நாற்காலி அவளுக்கு. எழுபத்துநான்கும் அவளுக்கு. போதாதென்று என்னுடைய இருபத்திரண்டையும் கேட்கிறாளே, இவளுக்குத்தான் எவ்வளவு ஆசை!

பொங்கல் விடுமுறை முடிந்து பஞ்சவர்ணம் துறைத்தலைவர் ஆனார். அதன்பின் நடந்த முதல் கல்லூரி ஆசிரியர் கூட்டத்தில் யாரோ எதையோ கேட்டதற்கு, "தெரியலையே, பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. ஜெபராஜ்கூட மேசையைப் பார்த்தார். ரத்தினவேலு மட்டும் ஒரு மூலையிலிருந்து, ஒருவர் சிரிக்கும்போது தனியே விடக்கூடாதே என்பதற்காகச் சிரித்துவைத்தார். ஏன் செய்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அதில் ஏதும் ஏறுமா என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார். ஏறாது என்று தோன்றியது.

அடுத்த ஜூனில் விரும்புகிறவர்கள் மறுபடி அளந்துகொள்ளலாம். அவர் விடுவதாக இல்லை. கைதட்டுதான் விஷம் என்று தெரிந்துவிட்டது. ஆகவே இனி வேலை நடக்கும், ஆனால் யாருக்கும் தெரியாது. அடுப்படி ஜன்னலை அடைத்து உள்ளே தாழ் போட்டார். சேலைகளை மாடியில் காயப்போடாமல் அறைக்குள் கொடி கட்டிக் காயப்போட்டார். குப்பைக்காரர் வந்து, "சார்தான் இன்னிக்கும் சமையலா?" என்று ஆசையாகக் கேட்டபோது, "இல்லை, அவதான். நான் சும்மா உக்காந்து பேப்பர் படிக்கிறேன்" என்று கோபமாகச் சொன்னார்.

அப்படியும் பாராட்டு நிற்கவில்லை. அவர் ஜன்னலை அடைத்துக்கொண்டு வைத்த புளிக்குழம்பைப் பற்றித் தெருமுனைக் கடையில் மறுநாள் விசாரித்தார்கள். பெரியவருக்கு அவர் நகம் வெட்டிவிட்ட சேதி கல்லூரி வரைக்கும் போயிருந்தது. "ஜன்னலைச் சாத்திக்கிட்டுச் செய்யுறாராமே, விளம்பரமே புடிக்காதாமே!" என்று அதற்கும் சேர்த்துத் தட்டினார்கள். ரத்தினவேலுவுக்குப் புரியவில்லை. சுவருக்குக் காது முளைத்துவிட்டதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரசத்துக்குத் தாளிக்கக் கடுகு தேடி வந்தவர், கூடத்தில் பஞ்சவர்ணம் போனில் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டார்.

"ஆமா சௌந்தரம் அக்கா, இன்னிக்கும் அவர்தான். பூண்டு ரசம். நீங்க அந்த நற்பணி மன்றத்து ஆளுகட்ட ஒரு வார்த்தை போட்டு வைங்க. ஆமா, இன்னொரு சால்வை போட்டாலும் சரிதான்." குரல் தாழ்ந்தது. "நிறுத்திராதீங்க அக்கா. கைதட்டிக்கிட்டே இருங்க. இவருக்கு மட்டும் ஒரு தடவை நம்பர் ஏறிருச்சுன்னா, நான் ஜெயிச்சுட்டேன்னு அடுத்த நாளே அடுப்பைவிட்டு எறங்கிருவாரு. ஏறவே கூடாது. அம்புட்டுத்தான்."

ரத்தினவேலு கடுகு டப்பாவோடு அப்படியே நின்றார். புளிக்குழம்பு முதல் நகம் வெட்டியது வரைக்கும், ஜன்னலைச் சாத்தியும் வெளியே போன சேதியெல்லாம் மனதில் வரிசையாக ஓடியது. உள்ளேயிருந்து பெரியவர், "ஏண்டா, காப்பி எங்கடா?" என்று கத்தினார். இப்போதெல்லாம் அவர் அவளைக் கூப்பிடுவதில்லை.

கோபம் வந்திருக்க வேண்டும். வாசல் வரை வந்தும்விட்டது. ஆனால் அதற்கு முன்னால் அவருடைய பழைய வயிற்றெரிச்சல் முந்திக்கொண்டது. எவ்வளவு பெரிய திட்டம்! ஒருத்தியாக யோசித்து, ஒருத்தியாக நடத்தி, யாரும் கைதட்டாமல். இதோடு போய் அளவை மையத்து நாற்காலியில் உட்கார்ந்தால் இயந்திரம் சும்மாவா விடும்? எண்பத்தொன்றென்ன, தொண்ணூறு காட்டும். அதுவும் முழுக்க அவள் பேரில்.

விடக்கூடாது என்று முடிவு செய்தார். இதில் தன் கையும் இருந்தாக வேண்டும்.

ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். திடுக்கிட்டுப் பார்த்த மனைவியின் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அக்கா, நான் ரத்தினவேலு பேசுறேன். ரசம் அருமையா வந்திருக்கு. ஊர்ல நாலு பேருக்குச் சொல்லிருங்க."